சார்ல்ஸ் தாமஸ் ஸ்டட்

சார்ல்ஸ் தாமஸ் ஸ்டட் (டிசம்பர் 2, 1860 – ஜூலை 16, 1931) இங்கிலாந்தைச் சேர்ந்த துடுப்பாட்ட வீரரும் கிறித்தவ மறைப்பணியாளரும் ஆவார். சி. டி. ஸ்டட் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். விக்டோரியா மகாராணி காலத்துத் தொழில்முறை சாரா வீரர்களுள் முன்னணிச் சகலதுறை ஆட்டக்காரராக விளங்கிய இவர், 1882இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து தோல்வியுற்று "ஆஷஸ்" என்னும் பெயர் தோன்றக் காரணமான தேர்வுப் போட்டியில் விளையாடியவர். 24ஆம் வயதில் விளையாட்டுப் புகழைத் துறந்து சீனாவுக்குச் சென்றார். தந்தை வழிச் செல்வம் முழுவதையும் கொடையாக வழங்கினார். 1900 முதல் 1906 வரை இந்தியாவில் பணியாற்றிய இவர், அக்காலத்தின் பெரும்பகுதியில் நீலகிரியின் உதகமண்டலத்தில் யூனியன் தேவாலயத்தின் போதகராக இருந்தார். வாழ்வின் இறுதிக் காலத்தை பெல்ஜிய காங்கோவில் கழித்து அங்கேயே மறைந்தார்.

குடும்பப் பின்னணி

ஸ்டட், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்சயர் மாவட்டத்திலுள்ள ஸ்பிராட்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை எட்வர்ட் ஸ்டட், இந்தியாவில் இன்றைய பீகாரின் திர்ஹூத் பகுதியில் அவுரிப் பண்ணைகள் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவுரிச் செடியிலிருந்து நீலச்சாயம் எடுக்கும் இத்தொழில் ஐரோப்பியப் பண்ணையாளர்களுக்குக் கொழுத்த இலாபத்தையும், அதைப் பயிரிட்ட உழவர்களுக்குக் கடனையும் கட்டாய உழைப்பையும் கொடுத்தது. இதே வட்டாரத்தைச் சேர்ந்த சம்பாரணில்தான் 1917இல் மகாத்மா காந்தி அவுரி உழவர்களுக்காகப் போராட்டம் நடத்தினார்.

எட்வர்ட் ஸ்டட் தாயகம் திரும்பியபின் வில்ட்சயரில் டெட்வொர்த் என்னும் பெரிய மாளிகையில் வாழ்ந்தார். குதிரைப் பந்தயத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்த இவருடைய "சாலமாண்டர்" என்ற குதிரை 1866இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றது. 1870களில் அமெரிக்க நற்செய்தியாளர் டுவைட் எல். மூடி இலண்டனில் நடத்திய கூட்டங்களைக் கேட்டபின் பந்தயங்களைக் கைவிட்டு, தம் மாளிகையின் கூடத்தையே வழிபாட்டுக் கூட்டங்களுக்கு ஒதுக்கினார். இம்மாற்றத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே அவர் உயிர் வாழ்ந்தார். அக்குறுகிய காலத்தில் தம் பிள்ளைகள் மீது அவர் ஏற்படுத்திய தாக்கம் பெரிது.

கல்வியும் துடுப்பாட்டமும்

சார்ல்ஸ், அவருடைய மூத்த சகோதரர்கள் கைனாஸ்டன் ஸ்டட், ஜார்ஜ் ஸ்டட் ஆகிய மூவரும் ஈட்டன் கல்லூரியில் பயின்றனர். 1877இல் மூவரும் ஒரே நேரத்தில் அப்பள்ளியின் அணியில் இடம்பெற்றனர். சார்ல்ஸ் 1879இல் ஈட்டன் அணித்தலைவரானார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1882இல் ஜார்ஜ், 1883இல் சார்ல்ஸ், 1884இல் கைனாஸ்டன் எனச் சகோதரர்கள் மூவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் அணிக்குத் தலைமை தாங்கியது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்து ஆங்கிலத் துடுப்பாட்டத்தில் வீரர்கள் இரு பிரிவினராக இருந்தனர். ஊதியம் பெறாமல் ஆடிய செல்வர் குடும்பத்தினர் "கனவான்கள்" எனவும், ஊதியத்துக்கு ஆடிய உழைக்கும் வகுப்பினர் "ஆட்டக்காரர்கள்" எனவும் அழைக்கப்பட்டனர். ஒரே அணியில் ஆடினாலும் இவர்களுக்கு உடை மாற்றும் அறைகளும் மைதானத்துக்குள் நுழையும் வாயில்களும் பெரும்பாலும் தனித்தனியாக இருந்தன. இவ்விரு பிரிவினருக்கும் இடையிலான போட்டிகள் 1806இல் தொடங்கி 1962 வரை நடைபெற்றன. ஸ்டட் கனவான்கள் பிரிவைச் சேர்ந்தவர். ஈட்டன் போன்ற பள்ளிகளும் கேம்பிரிட்ஜ், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகங்களும் இப்பிரிவினரை உருவாக்கும் களங்களாக இருந்தன. விளையாட்டு நன்னெறியை வளர்க்கும் என்ற நம்பிக்கை அங்கு வேரூன்றியிருந்தது. எனவே அங்கு புகழ்பெற்ற வீரர் பலர் பின்னாளில் குருமார்களாகவும் பள்ளியாசிரியர்களாகவும் ஆயினர்.

வலக்கை மட்டையாளரும் மித வேகப் பந்துவீச்சாளருமான ஸ்டட், பல்கலைக்கழக அணியுடன் மிடில்செக்ஸ் அணிக்காகவும் ஆடினார். 1882, 1883 ஆகிய இரு பருவங்களிலும் முதல்தரப் போட்டிகளில் 1000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்து 100 இலக்குகளுக்கு மேல் வீழ்த்தினார். டபிள்யூ. ஜி. கிரேசுக்குப் பின் இவ்விரட்டைச் சாதனையை நிகழ்த்திய முதல் வீரர் இவரே. 1882இல் சுற்றுப்பயணம் மேற்கொண்ட ஆஸ்திரேலிய அணியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணி வென்றபோது ஸ்டட் 118 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 4391 ஓட்டங்கள் எடுத்துள்ளார். ஆட்டமிழக்காமல் எடுத்த 175 ஓட்டங்கள் இவருடைய உயர்ந்த எண்ணிக்கையாகும்.

1882 ஓவல் தேர்வுப் போட்டி

1882 ஆகஸ்ட் 28, 29 ஆகிய நாள்களில் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இடையிலான தேர்வுப் போட்டி நடைபெற்றது. அப்போது ஸ்டட்டின் வயது 21. ஆஸ்திரேலியா 63, 122 ஓட்டங்களும் இங்கிலாந்து முதல் ஆட்டத்தில் 101 ஓட்டங்களும் எடுத்தன. இதனால் இங்கிலாந்து வெற்றி பெற 85 ஓட்டங்களே தேவைப்பட்டன. இரண்டு இலக்குகளை இழந்து 51 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில், ஆஸ்திரேலியாவின் ஸ்போஃபோர்த் வீசிய பந்துகளுக்கு இங்கிலாந்து மட்டையாளர்கள் அடுத்தடுத்து ஆட்டமிழந்தனர். இப்போட்டியில் ஸ்போஃபோர்த் ஒவ்வொரு ஆட்டத்திலும் 7 இலக்குகள் வீதம் 14 இலக்குகளை வீழ்த்தினார்.

அப்பருவத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிராக நூறு அடித்திருந்த ஸ்டட்டை அணித்தலைவர் ஹார்ன்பி பத்தாவதாகவே களமிறக்கினார். கடைசி மட்டையாளராகத் தொழில்முறைப் பந்துவீச்சாளர் டெட் பீட் வந்து சேர்ந்தபோது வெற்றிக்கு 10 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மறுமுனையில் ஸ்டட் நிற்க, பீட் இரண்டு ஓட்டங்கள் எடுத்தபின் பாய்லின் பந்தில் ஆட்டமிழந்தார். இங்கிலாந்து 77 ஓட்டங்களுக்குச் சுருண்டு 7 ஓட்டங்களால் தோற்றது. ஸ்டட் இரண்டாம் ஆட்டத்தில் ஒரு பந்தைக் கூட எதிர்கொள்ளவில்லை. அடித்து ஆடியது ஏன் என்று கேட்டபோது, ஸ்டட்டை நம்பி ஆட்டத்தை விட முடியவில்லை என்று பீட் கூறியதாக ஒரு கதை வழங்கி வருகிறது.

சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து அடைந்த முதல் தேர்வுத் தோல்வி இதுவாகும். "ஸ்போர்ட்டிங் டைம்ஸ்" இதழ் ஆங்கிலத் துடுப்பாட்டம் இறந்துவிட்டதாகவும், உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் எனவும் நையாண்டியாக ஓர் இரங்கல் அறிவிப்பு வெளியிட்டது. "சாம்பல்" எனப் பொருள்படும் ஆஷஸ் தொடரின் பெயர் இதிலிருந்தே பிறந்தது. அந்தச் "சாம்பலை" மீட்டு வர 1882–83இல் ஐவோ பிளை தலைமையில் ஆஸ்திரேலியா சென்ற அணியில் சார்ல்ஸ், ஜார்ஜ் இருவரும் இடம்பெற்றனர். அங்கு பிளைக்கு வழங்கப்பட்ட சிறு கலயத்தில் ஒட்டப்பட்டுள்ள செய்யுளில் ஸ்டட் சகோதரர்களின் பெயரும் காணப்படுகிறது. சார்ல்ஸ் ஆடிய தேர்வுப் போட்டிகள் மொத்தம் ஐந்து. அவற்றில் 20.00 சராசரியுடன் 160 ஓட்டங்கள் எடுத்தார்.

கேம்பிரிட்ஜ் எழுவர்

1883ஆம் ஆண்டின் இறுதியில் சகோதரர் ஜார்ஜ் கடும் நோயுற்று உயிருக்குப் போராடினார். அவருடைய படுக்கையருகே இருந்த சார்ல்சுக்குப் புகழ், செல்வம், விளையாட்டு ஆகியவற்றின் நிலையாமை குறித்த எண்ணம் வலுப்பட்டது. ஜார்ஜ் உடல்நலம் தேறினார். ஆனால் சார்ல்சின் மனம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1884இல் மூடியின் கூட்டங்களில் கலந்துகொண்ட அவர், சீனாவில் மறைப்பணி செய்வதென முடிவெடுத்தார். தந்தையை இழந்திருந்த குடும்பத்தில் இம்முடிவு தாயாருக்குப் பெருந்துயரத்தை அளித்தது. உறவினர் பலரும் இதை எதிர்த்தனர்.

ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மறைப்பணிக் கழகத்தில் ஸ்டட்டுடன் மேலும் அறுவர் இணைந்தனர். ஸ்டான்லி ஸ்மித், வில்லியம் கேசல்ஸ், டிக்சன் ஹோஸ்ட், மாண்டேகு போசாம்ப், செசில் போல்ஹில் டர்னர், ஆர்தர் போல்ஹில் டர்னர் ஆகியோர் அவ்வறுவர் ஆவர். பெரும்பாலோர் கேம்பிரிட்ஜில் பயின்றோராதலால் இவர்கள் "கேம்பிரிட்ஜ் எழுவர்" எனப்பட்டனர். படகோட்ட வீரர், படை அலுவலர், துடுப்பாட்ட வீரர் எனச் செல்வாக்குள்ள இளைஞர்கள் ஒருங்கே இவ்வாறு புறப்பட்டது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எழுவரும் 1885 பெப்ரவரி 5 அன்று இலண்டனிலிருந்து புறப்பட்டு மார்ச்சு 18 அன்று சாங்காய் அடைந்தனர்.

சீனாவில் இவர்கள் சீன உடையணிந்து, சடை வளர்த்து, சீன உணவையே உண்டு வாழ்ந்தனர். ஸ்டட் பெரும்பாலும் உள்நாட்டுப் பகுதிகளில் பணியாற்றினார். அபின் பழக்கத்துக்கு அடிமையானோரை மீட்கும் இல்லம் ஒன்றையும் நடத்தினார். 1888இல் அயர்லாந்தின் லிஸ்பர்னைச் சேர்ந்த பிரிசில்லா ஸ்டூவர்ட் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் கிரேஸ், டாரதி, எடித், பாலின் என நான்கு பெண்மக்கள் பிறந்தனர்.

செல்வத்தைத் துறத்தல்

தந்தையின் உயிலின்படி ஸ்டட்டுக்கு 25 வயது நிறைவடைந்ததும் அவர் பங்கு உரியதாகியது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் நார்மன் கிரப்பின் கூற்றுப்படி அத்தொகை ஏறத்தாழ 29,000 பவுண்களாகும். சீனாவில் இருந்தபோதே ஸ்டட் இதை முழுவதும் கொடுத்துவிட முடிவு செய்தார். 1887 சனவரியில் தலா 5,000 பவுண் கொண்ட நான்கு காசோலைகளையும், வேறு பல சிறு தொகைகளையும் அனுப்பினார்.

முதல் நான்கு கொடைகளைப் பெற்றோர்: சிக்காகோவின் மூடி, பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், இலண்டன் ஒயிட்சேப்பலில் ஏழைகளிடையே பணிபுரிந்த ஜார்ஜ் ஹாலண்ட், இந்தியாவில் இரட்சணிய சேனைப் பணியை நடத்திய பூத் டக்கர். இவர்களுள் பூத் டக்கர், பிரித்தானிய இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து 1882இல் பம்பாயில் அப்பணியைத் தொடங்கியவர். காவி உடையணிந்து பக்கீர் சிங் என்ற பெயருடன் ஊர் ஊராகச் சென்றவர். பீகாரின் அவுரி வயல்களிலிருந்து இங்கிலாந்து சென்ற செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு மீண்டும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது.

எஞ்சிய தொகையைத் திருமணத்துக்கு முன் மணமகளுக்கு அளிக்க ஸ்டட் முன்வந்தார். பிரிசில்லாவோ அதையும் கொடுத்துவிட வேண்டுமென வற்புறுத்தினார். அத்தொகை இரட்சணிய சேனையின் நிறுவனர் வில்லியம் பூத்துக்கு அனுப்பப்பட்டது. இதன்பின் இருவரும் சேமிப்பு ஏதுமின்றியே இல்லறம் தொடங்கினர்.

இந்தியாவிலும் நீலகிரியிலும்

உடல்நலக் குறைவால் ஸ்டட் குடும்பத்தினர் 1894இல் இங்கிலாந்து திரும்பினர். அதன்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்டட் உரையாற்றி வந்தார். தம் குடும்பம் செல்வம் ஈட்டிய நாட்டுக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதாகக் கருதிய அவர், 1900இல் இந்தியா வந்தார். முதலில் திர்ஹூத்தில் சில மாதங்கள் ஐரோப்பியப் பண்ணையாளர்களிடையே பணியாற்றினார். பின்னர் உதகமண்டலம் யூனியன் தேவாலயத்தின் போதகர் பொறுப்பை ஏற்றார். இவர் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். யூனியன் தேவாலயமும் ஆங்கிலத் திருச்சபையைச் சாராத பல பிரிவினர் கூடி வழிபட்ட இடமாகும்.

உதகமண்டலம் அப்போது சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக இருந்தது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கிய இம்மலைநகரில், கோடைதோறும் ஆளுநரும் அரசு அலுவலர்களும் வந்து தங்கினர். அருகிலிருந்த வெலிங்டனில் படைமுகாம் இருந்தது. சுற்றிலும் தேயிலை, காப்பித் தோட்டங்கள் இருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைத் தொடருந்து 1899இல் குன்னூர் வரை மட்டுமே வந்திருந்தது. உதகை வரை அது நீட்டிக்கப்பட்டது 1908இல், அதாவது ஸ்டட் சென்ற பிறகேயாகும். எனவே குன்னூரிலிருந்து உதகைக்குச் சாலை வழியாகவே ஏற வேண்டியிருந்தது.

படைவீரர்கள், தோட்ட உரிமையாளர்கள், அரசு அலுவலர்கள் ஆகியோரே ஸ்டட்டின் உரைகளைக் கேட்டோரில் முதன்மையானவர்கள். தேவாலயத்துக்கு வரத் தயங்கிய படைவீரர்களும், முன்னாள் இங்கிலாந்து வீரர் என்ற முறையில் இவரைக் காண ஆர்வம் கொண்டனர். துறந்துவிட்ட துடுப்பாட்டத்தை இங்கே இவர் மீண்டும் கையிலெடுத்தார். நாற்பது வயதைக் கடந்த நிலையிலும் படைப்பிரிவு அணிகளுடன் ஆடினார். ஆட்டத்துக்குப் பின் அவர்களிடையே உரையாற்றினார். மலையின் குளிர் காலநிலையிலும் இவருக்கு ஈளைநோய் (ஆஸ்துமா) கடுமையாக இருந்தது. பல இரவுகள் மூச்சுத்திணறலால் நாற்காலியில் அமர்ந்தே கழிந்தன.

நீலகிரியில் ஸ்டட் ஆற்றிய பணியை, அதே ஊரில் முன்னர் வாழ்ந்த ஜி. யு. போப்பின் பணியோடு ஒப்பிடலாம். போப் உதகையில் இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவி அதன் தலைமையாசிரியராக இருந்தார். தமிழை ஆழக் கற்று, பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஸ்டட்டின் உதகைப் பணியோ முதன்மையாக ஆங்கிலம் பேசும் ஐரோப்பியர் வட்டத்துக்குள் அடங்கியது. இதனால் தமிழ்நாட்டு வரலாற்றில் போப் பெற்ற இடத்தை இவர் பெறவில்லை. 1906இல் ஸ்டட் குடும்பத்தினர் இந்தியாவை விட்டு நீங்கினர்.

காங்கோ

1908இல் லிவர்பூல் நகரில் கண்ட ஓர் அறிவிப்பு, நடு ஆப்பிரிக்காவில் மறைப்பணியாளர் இல்லாத பகுதிகள் குறித்து ஸ்டட்டின் கவனத்தை ஈர்த்தது. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஈளைநோய் இருந்தது. கையில் பணமும் இல்லை. மருத்துவர்கள் தடுத்தனர், ஆதரவளிக்க முன்வந்தோர் பின்வாங்கினர். மனைவி பிரிசில்லாவும் முதலில் உடன்படவில்லை. எனினும் 1910 டிசம்பரில் ஸ்டட் தனியே கப்பலேறி சூடான் சென்றார். 1913இல் ஆல்பிரட் பக்ஸ்டன் என்ற இளைஞருடன் பெல்ஜிய காங்கோவின் வடகிழக்குப் பகுதியை அடைந்து, ஆப்பிரிக்க இதயப் பணிக் கழகத்தை அங்கு நிலைநாட்டினார். இதுவே பின்னர் டபிள்யூ. ஈ. சி. என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிய அமைப்பாகும்.

1916இல் கடைசியாக இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட ஸ்டட் அதன்பின் தாயகம் திரும்பவில்லை. உடல்நலம் குன்றியிருந்த பிரிசில்லா இங்கிலாந்திலிருந்தே அமைப்பின் பணிகளை நடத்தினார். கணவனும் மனைவியும் அதன்பின் ஒரே ஒரு முறை, 1928இல், காங்கோவில் இரண்டு வார காலம் சந்தித்தனர். 1929இல் பிரிசில்லா எசுப்பானியாவின் மலாகா நகரில் காலமானார்.

சர்ச்சைகள்

காங்கோ ஆண்டுகளில் ஸ்டட்டின் கடுமையான போக்கு அவருடைய உடன்பணியாளர்களையே விலகச் செய்தது. நாள் முழுதும் ஓய்வின்றி உழைத்த அவர், பிறரும் அவ்வாறே உழைக்க வேண்டுமென எதிர்பார்த்தார். குடும்பம், ஓய்வு, வசதி ஆகியவற்றை நாடியோரைக் குறைத்து மதிப்பிட்டார். தம் முதல் துணைவரும் மருமகனுமான பக்ஸ்டனுடனும் கருத்து வேறுபாடு முற்றி, பக்ஸ்டன் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டார். உணர்ச்சி மிகுதியில் ஸ்டட் எழுதிய ஒரு சிறுநூலின் கடுஞ்சொற்கள் இங்கிலாந்து ஆதரவாளர்களுக்கு அதிர்ச்சியளித்தன. நோயின் வலியைத் தாங்கிப் பணியைத் தொடர அவர் மார்பியா மருந்தைப் பயன்படுத்தி வந்ததும் கண்டனத்துக்குள்ளானது. இலண்டனிலிருந்த ஆட்சிக்குழுவுக்கும் இவருக்கும் இடையிலான பிணக்கு, இவருடைய இறப்புக்குச் சற்று முன்னர் முழுப் பிளவாக முடிந்தது.

இறப்பு

1930இல் பெல்ஜிய அரசர் இவருக்குச் சிங்க விருதின் செவாலியே பட்டம் வழங்கினார். 1931 ஜூலை 16 அன்று இபாம்பி என்னும் ஊரில் தம் 70ஆம் வயதில் ஸ்டட் காலமானார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. காங்கோ மக்கள் பெருந்திரளாகக் கூடி இறுதி மரியாதை செலுத்தினர். அப்பகுதி மக்கள் பேசும் கிங்வானா மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்ப்பதிலும் இவர் இறுதி ஆண்டுகளில் ஈடுபட்டிருந்தார்.

சமகாலத்தவர்

விளையாட்டிலிருந்து சமயப் பணிக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் மாணவர்களில் ஸ்டட் தனியொருவர் அல்லர். 1884இல் ஆக்சுபோர்டுக்கு எதிரான படகுப் போட்டியில் வென்ற கேம்பிரிட்ஜ் படகின் சுக்கான் பிடித்த செசில் டின்டேல் பிஸ்கோ, பின்னர் குருவாகி 1890இல் காசுமீர் சென்றார். சிறிநகரில் மறைப்பணிப் பள்ளியின் தலைமையாசிரியராக 1947 வரை பணியாற்றினார். தோலால் செய்த பந்தைத் தொட மறுத்த பண்டிதர் குலச் சிறுவர்களுக்குக் காற்பந்தாட்டம் கற்பித்ததும், நீச்சலையும் படகோட்டத்தையும் பாடத்தின் பகுதியாக்கியதும் அவருடைய பணியில் குறிப்பிடத்தக்கவை. ஒரே காலத்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த இருவருள், பிஸ்கோ விளையாட்டைக் கல்விக்கான கருவியாகக் கொண்டார். ஸ்டட்டோ அதைத் துறக்க வேண்டிய ஒன்றாக முதலில் கருதி, உதகையில் மட்டும் அதற்குத் திரும்பினார்.

மதிப்பீடு

நார்மன் கிரப், ஸ்டட்டின் இளைய மகள் பாலினின் கணவர் ஆவார். அவர் 1933இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு ஸ்டட்டின் புகழை உலகெங்கும் பரப்பியது. ஸ்டட்டுக்குப் பின் அமைப்பை வழிநடத்தியவரும் கிரப்பே. ஆகையால் அந்நூல் ஸ்டட்டின் தரப்பை மிகுதியாகக் காட்டுகிறது என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

சகோதரர் கைனாஸ்டன் ஸ்டட் இங்கிலாந்திலேயே தங்கி, தொழிற்கல்வியிலும் நகராட்சியிலும் ஈடுபட்டு, 1928இல் இலண்டன் நகரத் தலைவராகவும் 1930இல் மேரில்போன் துடுப்பாட்டக் கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே அணியில் ஆடி ஒரே சமயப் பற்றைக் கொண்டிருந்த இருவரின் வாழ்வும் இவ்வாறு வேறு வேறு திசைகளில் சென்றன. சார்ல்ஸ் ஸ்டட்டைத் தன்னலமற்ற துறவுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவோர் உள்ளனர். அத்துறவின் விலையை மனைவியும் மக்களும் உடன்பணியாளர்களும் சேர்ந்தே செலுத்தினர் எனக் கருதுவோரும் உள்ளனர். துடுப்பாட்ட வரலாற்றில், ஆஷஸ் பிறந்த போட்டியின் இறுதி நொடியில் மறுமுனையில் ஆட்டமிழக்காமல் நின்றவர் என்ற வகையில் இவருடைய பெயர் நிலைத்துள்ளது.